வாங்கப்போகும் இடத்தில் திட்டச்சாலை இருக்கிறதா? கண்டுபிடிப்பதற்கான முழு வழிகாட்டி

பட்டா சரியாக இருக்கும், வில்லங்கம் சுத்தமாக இருக்கும், மூலப்பத்திரமும் கையில் இருக்கும். வீடு கட்ட அனுமதி கேட்டு வரைபடம் போடும்போதுதான் தெரியும், இடத்தின் நடுவே 60 அடி ரோடு போகிறது என்று. கோவை, திருப்பூர் பக்கம் இது வாராவாரம் நடக்கிற கதை.

யாரும் மறைத்ததால் வருகிற சிக்கல் இல்லை இது. வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மட்டும் காட்டும். பட்டா வருவாய்த் துறையின் பெயர்க் கணக்கு. வக்கீலின் ஒப்பீனியன் உரிமை யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதோடு நின்றுவிடும். நாளைக்குப் போடுவதற்காகத் திட்டத்தில் ஒதுக்கி வைத்த சாலை, அதாவது திட்டச்சாலை, இந்த மூன்றிலும் இருக்காது, நகரமைப்புத் துறையின் வரைபடத்தில்தான் இருக்கும். அங்கே போய்ப் பார்க்காதவரை இடம் சுத்தம் என்று சொல்ல முடியாது.

கீழே உள்ள வரிசை தமிழ்நாட்டுக்கு உரியது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். கொடுத்த பிறகு விசாரிப்பவருக்கு வரும் பதில் எதுவானாலும் பேரம் பேச இடமிருக்காது.

## 1. முதலில் சேர்க்க வேண்டிய காகிதங்கள்

பட்டா-சிட்டா, அ-பதிவேடு (சர்வே எண் வாரியாக நிலத்தின் வகையும் பரப்பும் எழுதிய பதிவேடு), புலப்படம் (ஒரு சர்வே எண்ணின் எல்லைகளை அளவோடு காட்டும் வரைபடம்) மூன்றையும் தமிழக அரசின் நில ஆவண இணையதளத்திலிருந்து நீங்களே எடுங்கள். விற்பவர் தரும் ஜெராக்ஸை நம்பி ஆரம்பிக்க வேண்டாம், அதில் உட்பிரிவு பழையதாக இருக்கலாம். கூடவே கிராம வரைபடம். மனைப்பிரிவில் உள்ள இடமென்றால் அனுமதி எண் போட்ட லேஅவுட் வரைபடமும் வேண்டும்.

மூலப்பத்திரம் இதற்கும் தேவை. அதில்தான் பழைய சர்வே எண் இருக்கும். பல ஊர்களில் சாலைத் திட்டம் போட்டது 30, 40 ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது உங்கள் இடத்துக்கு இன்றைய எண் கிடையாது. நகர நில அளவை வந்த இடங்களில் சர்வே எண் போய் வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர நில அளவை எண்) வந்துவிட்டது. புது எண்ணைச் சொல்லிக் கேட்டால், "அந்த எண் எங்க திட்டத்துலயே இல்லீங்க" என்று பதில் வரும். கேட்டவர் பாதிப்பு இல்லை என்று நினைத்து நிம்மதியாக வீட்டுக்குப் போவார். புதியவர்கள் அதிகம் விழும் குழி இதுதான். பழைய எண்ணுக்குப் புது எண் எது என்று காட்டும் கொரிலேஷன் பட்டியலைத் தாலுகா அலுவலக நில அளவைப் பிரிவிலோ மாநகராட்சியின் நகர நில அளவைப் பிரிவிலோ கேட்டு வாங்குங்கள்.

## 2. இடம் யாருடைய எல்லையில் இருக்கிறது

சென்னைப் பெருநகரப் பகுதி என்றால் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சிஎம்டிஏ. மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது எல்லோரும் டிடிசிபி என்று சொல்வது. அதன் மாவட்ட அலுவலகமோ, அந்தந்த ஊரின் உள்ளூர் திட்டக் குழுமமோ, புதுநகர் வளர்ச்சிக் குழுமமோ உங்கள் கோப்பை வைத்திருக்கும். சில பெரிய நகரங்களில் நகர்ப்புற வளர்ச்சிக் குழுமம் தனியாக வந்திருக்கிறது.

இதில் ஒரு குழப்பம் உண்டு. உள்ளாட்சி எல்லை வேறு, திட்டப்பகுதி எல்லை வேறு. இடம் ஊராட்சியில் இருக்கிறது என்பதால் மாஸ்டர் பிளானுக்கு வெளியே என்று நினைக்கக் கூடாது. நகரத்தைச் சுற்றியுள்ள பல ஊராட்சிகள் திட்டப்பகுதிக்குள்தான் இருக்கின்றன. ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு "இங்க அந்த மாதிரி ஒண்ணும் இல்லைங்க" என்று பதில் வாங்கி வருவதில் பயனில்லை. வரைபடம் அவர்களிடம் இருக்க வாய்ப்புக் குறைவு.

## 3. இரண்டு திட்டங்களையும் பார்க்க வேண்டும்

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் கீழ் இரண்டு அடுக்கு வரைபடங்கள் உண்டு. மேலே முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான். எந்தப் பகுதி குடியிருப்பு, எது தொழில், பெரிய சாலைகள் எங்கே என்று அது சொல்லும். அதற்குக் கீழே விரிவு அபிவிருத்தித் திட்டம், பேச்சில் டிடிபி. ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு 30, 40, 60 அடிச் சாலைகள், பூங்கா, பள்ளி என்று சர்வே எண் வாரியாக ஒதுக்குவது இதுதான். கோவையில் மக்கள் திட்டச்சாலை, ஸ்கீம் ரோடு என்று சொல்வது பெரும்பாலும் டிடிபி சாலைகளைத்தான்.

மாஸ்டர் பிளானை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவது பெரிய தவறு. சிஎம்டிஏ இணையதளத்தில் கிராமமும் சர்வே எண்ணும் கொடுத்து நிலப் பயன்பாட்டைப் பார்க்கலாம். அது "குடியிருப்பு" என்று காட்டினால் வீடு கட்டும் மண்டலம் என்று மட்டும்தான் பொருள். குடியிருப்பு மண்டலத்துக்குள்தானே ரோடும் போடுவார்கள்?

காலத்தையும் கவனியுங்கள். சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-இல் வந்தது, 2026-ஐ இலக்காகக் கொண்டது. கோவையில் 1994-இல் ஒப்புதலான திட்டமே நீண்ட காலம் ஓடியது. பழைய திட்டத்திலிருந்து புதியதற்கு மாறும் சமயங்களில், நடைமுறையில் உள்ளது ஒன்றும் வரைவில் உள்ளது ஒன்றுமாக இரண்டு வரைபடங்கள் இருக்கும். இரண்டையும் பார்க்க வேண்டும். வரைவில் புதிதாக முளைத்த சாலை நாளைக்குச் சட்டமாகிவிடலாம்.

## 4. அட்டவணை முதலில், வரைபடம் பிறகு

டிடிபி என்பது வரைபடம் மட்டும் இல்லை. அதோடு சாலைவாரியாக அகலமும் அது தொடும் சர்வே எண்களும் எழுதிய அட்டவணை உண்டு. அலுவலகத்தில் பெரிய வரைபடத்தை மேசையில் விரித்ததும் எல்லோரும் அதில் தன் இடத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். பழைய பிரதியில் எண்கள் மங்கியிருக்கும், பக்கத்து எண்ணைத் தன் எண்ணாகப் படித்துவிட்டு வருவதும் நடக்கும்.

அட்டவணையில் உங்கள் சர்வே எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் சாலை எண்ணையும் அகலத்தையும் குறித்துக்கொண்டு வரைபடத்துக்கு வாருங்கள். இல்லையென்றாலும் அக்கம்பக்கத்து எண்களைப் பார்க்காமல் விடாதீர்கள். உங்கள் எண் பிற்பாடு உட்பிரிவான ஒன்றாக இருந்தால் தாய் எண்ணில்தான் பதிவு இருக்கும். 112/3ஏ2 என்று தேடுபவருக்கு 112 என்ற பதிவு கண்ணில் படாது.

## 5. சாலைக் கோட்டைப் புலப்படத்தில் பொருத்துதல்

மொத்த வேலையிலும் நேரம் எடுக்கும் பகுதி இது. அவசரம் வேண்டாம்.

அட்டவணை உங்கள் சர்வே எண்ணைச் சாலை தொடுகிறது என்று மட்டும் சொல்லும். ஒரு சர்வே எண் ஐந்து ஏக்கராக இருக்கலாம், நீங்கள் வாங்குவது அதில் ஐந்து சென்ட். ஐந்து சென்ட்டுக்குள் சாலை வருகிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு டிடிபி வரைபடத்திலுள்ள கோட்டைப் புலப்படத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

வரைபடத்தின் மேல் 1:5000 என்று அளவு போட்டிருக்கலாம். அப்படியானால் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 5 மீட்டர். ஆனால் உங்கள் கையில் இருப்பது ஜெராக்ஸ். யாரோ ஏ3 தாளில் அடங்கச் சுருக்கியிருப்பார்கள். புலப்படத்துக்கும் இதே தொல்லைதான். இணையத்தில் எடுத்த பிடிஎஃப்பை அச்சிடும்போது "தாளுக்குப் பொருத்து" என்ற தேர்வு தானாகவே போய் உட்கார்ந்திருக்கும். அப்படி அச்சிட்ட தாளில் ஸ்கேல் வைத்து அளந்தால் எல்லாமே பிசகும்.

அதனால் அச்சிட்ட அளவை நம்பாமல், தெரிந்த ஒரு நீளத்தை வைத்துக் கணக்கிடுங்கள். புலப்படத்தில் ஒவ்வொரு எல்லைக்கோட்டின் மேலும் நீளம் மீட்டரில் எழுதியிருக்கும். உங்கள் சர்வே எண்ணின் ஒரு பக்கம் 84 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதே பக்கத்தை டிடிபி ஜெராக்ஸில் அளந்தால் 16 மி.மீ. வருகிறது. அப்படியானால் அந்தத் தாளில் 1 மி.மீ. என்பது 5.25 மீட்டர். இப்போது மூலைக் கல்லிலிருந்து சாலையின் நடுக்கோடு வரை அளக்கிறீர்கள், 6 மி.மீ. தரையில் அது 31.5 மீட்டர். இதைப் புலப்படத்தில் குறித்து, இரண்டு பக்கமும் சாலை அகலத்தில் பாதியைப் போடுங்கள். 60 அடிச் சாலை என்றால் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 30 அடி, அதாவது 9 மீட்டருக்குச் சற்று மேல்.

ஒரே பக்கத்தை வைத்து முடிக்காதீர்கள். எதிர்ப்பக்கத்துக் கல்லிலிருந்தும் ஒருமுறை செய்து பாருங்கள். இரண்டு கணக்கும் ஒட்டவில்லை என்றால் ஜெராக்ஸ் இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதில் எவ்வளவு பிழை வரலாம்? பழைய வரைபடத்தில் பேனாக் கோடே அரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். 1:5000 அளவில் அது இரண்டரை மீட்டர், ஏறக்குறைய 8 அடி. 40 அடி அகல மனையில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே கணக்கில் சாலை மனையை விட்டு 20 அடி தள்ளிப் போனால் நிம்மதியாக இருக்கலாம். 5 அடி தள்ளிப் போகிறது என்று வந்தால் அது பதிலே இல்லை, அடுத்த படிகளில் உறுதி செய்ய வேண்டும்.

கணினியில் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தத் தெரிந்தவர்கள் அப்படியும் செய்யலாம். மூலைகளில் குறைந்தது நான்கு நிலையான புள்ளிகளை வைத்துப் பொருத்துங்கள். கோயில், கிணறு, கிராம எல்லைக் கல் போன்றவை நல்ல புள்ளிகள். இன்றைய சாலை ஓரத்தைப் புள்ளியாக வைத்தால் கெட்டது, அது நகர்ந்திருக்கும்.

## 6. இருக்கும் சாலையை அகலப்படுத்துவது வேறு கணக்கு

புதுச் சாலை மனையை வெட்டிக்கொண்டு போவது ஒரு வகை. இப்போதுள்ள தெருவை அகலமாக்குவது இன்னொரு வகை. நகரத்துக்குள் இரண்டாவதுதான் அதிகம்.

இதில் எல்லோரும் தெருவின் ஓரத்திலிருந்து அளப்பார்கள். வரைபடத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை நடுக்கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். இன்றைய தெரு 30 அடி, திட்டத்தில் 60 அடி என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து உங்கள் பக்கம் 30 அடி வேண்டும், இப்போது இருப்பது 15. மிச்சம் 15 அடி உங்கள் மனையிலிருந்து போகும். 40 அடி முகப்பும் 60 அடி ஆழமும் உள்ள ஒரு கிரவுண்டில் 600 சதுர அடி போய்விடும், 1,800 மிஞ்சும். முன்பக்கம் விட வேண்டிய இடைவெளியும் புதுக் கோட்டிலிருந்துதான் தொடங்கும், சாலை அகலம் கூடக் கூட அந்த இடைவெளியும் கூடும். 45 அடி ஆழத்தில் அதையும் பின்பக்க இடைவெளியையும் கழித்துவிட்டு, நினைத்த வீடு அடங்குமா என்று தாளில் போட்டுப் பாருங்கள்.

எதிர்ப்பக்கம் கோயிலோ வாய்க்காலோ இருந்தால் முழு அகலத்தையும் ஒரே பக்கத்தில் எடுப்பதும் உண்டு. வரைபடத்தில் கோடு எந்தப் பக்கம் தள்ளிப் போட்டிருக்கிறது என்று பார்க்காமல் பாதிப்பாதி என்று முடிவு கட்டாதீர்கள்.

## 7. நெடுஞ்சாலைத் துறையைத் தனியாகக் கேட்க வேண்டும்

மாஸ்டர் பிளானில் இல்லாத சாலையும் வரலாம். புறவழிச்சாலைகள் வேறு சட்டத்தில் வருகின்றன. எண்ணூர் துறைமுகத்திலிருந்து பூஞ்சேரி வரை ஏறக்குறைய 132 கி.மீ. நீளும் சென்னை எல்லைச் சாலை, கோவையில் மைல்கல்லிலிருந்து நரசிம்மநாயக்கன்பாளையம் வரையிலான மேற்குப் புறவழிச்சாலை இவற்றின் பாதையில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும்.

மாநில நெடுஞ்சாலை என்றால் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001, பிரிவு 15-இன் கீழ் அறிவிப்பு வரும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஏ அறிவிப்பு (நிலம் எடுக்கப்போகிறோம் என்பது), பிறகு 3டி (எடுத்தாயிற்று என்ற பிரகடனம்). 3ஏ வந்ததும் ஆட்சேபணைக்கு 21 நாள்தான். 3டி வெளியானதும் நிலம் மத்திய அரசுக்குப் போய்விடும், பிறகு பேச்சு இழப்பீட்டுத் தொகையைப் பற்றி மட்டும்தான். இந்த இரண்டுக்கும் இடையில் விற்கப் பார்ப்பவர்கள் உண்டு. சந்தை விலையைவிடக் குறைத்து அவசரமாகத் தருகிறேன் என்றால் மாவட்ட நிலமெடுப்புப் பிரிவில் சர்வே எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

## 8. இடத்தில் நின்று பார்க்க வேண்டியவை

காகிதத்தில் தெரியாத சில, தரையில் தெரியும். பக்கத்து லேஅவுட்டின் சாலை உங்கள் எல்லைக்கு நேராக வந்து மதில் சுவரில் முட்டி நிற்கிறதா? அந்தச் சாலையைத் தொடர்ந்து கொண்டுபோக வேண்டும் என்ற நோக்கத்தோடு விட்டிருக்கலாம். அந்த லேஅவுட்டின் அனுமதி வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். தெருவில் புதிதாகக் கட்டிய வீடுகள் மட்டும் ஒரே கோட்டில் உள்வாங்கி நிற்கின்றனவா? அவர்கள் அனுமதி வாங்கும்போது இடம் விட்டிருக்கிறார்கள், பழைய வீடுகள் விடவில்லை. அகலமான சாலை திடீரென்று குறுகி, 200 மீட்டர் தள்ளி மறுபடி அகலமாகிறதா? நடுவில் இருப்பது இன்னும் எடுக்கப்படாத நிலம்.

எல்லை சந்தேகம் இருந்தால் நில அளவருக்கு எஃப்-லைன் மனு (எல்லையை அளந்து காட்டக் கேட்கும் மனு) போட்டு அளந்து கல் நட்டுக்கொள்ளுங்கள். எல்லையே தெரியாமல் சாலைக் கோட்டைப் பொருத்துவது வீண்.

## 9. வாய்ப்பேச்சைக் காகிதமாக்குதல்

"அந்த ரோடெல்லாம் எப்பவோ கேன்சலாயிருச்சுங்க" என்று புரோக்கர் சொல்வார். ஆகியிருக்கலாம். டிடிபியை மாற்றவோ ரத்து செய்யவோ சட்டத்தில் பிரிவு 33 இருக்கிறது, அப்படி நடந்திருந்தால் ஆணை இருக்கும். ஆணை எண் இல்லாத ரத்து ரத்தாகாது.

எழுத்தில் வாங்க எளிய வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில். ஆனால் கேட்கும் விதம் முக்கியம். "என் இடம் சாலையால் பாதிக்கப்படுமா?" என்று கேட்டால், கருத்துக் கூற இயலாது என்று ஒற்றை வரியில் பதில் வரும். அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

"மேற்படி கிராமம், புல எண் (பழைய எண், புதிய எண் இரண்டும்) அடங்கிய ஒப்புதல் பெற்ற விரிவு அபிவிருத்தித் திட்டத்தின் பெயர், எண் மற்றும் அரசிதழ் அறிவிப்பு நாள், அப்புல எண் வரும் வரைபடப் பகுதியின் சான்றிட்ட நகல், உத்தேசச் சாலைகள் அட்டவணையின் சான்றிட்ட நகல், அதில் மாறுதல் அல்லது ரத்து செய்யப்பட்டிருந்தால் அந்த ஆணையின் நகல்."

மாநகராட்சி அல்லது நகராட்சியின் நகரமைப்புப் பிரிவுக்கும் இதையே தனியாக அனுப்புங்கள். இரண்டு பதிலும் முரண்பட்டால் திட்டக் குழுமத்தின் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

"அதான் பில்டிங் பர்மிஷன் வாங்கியாச்சே" என்பதும் பதிலாகாது. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட இணையத்திலேயே உடனே அனுமதி கிடைக்கிறது. வசதிதான். ஆனால் அதில் முன்கூட்டி யாரும் வந்து பார்ப்பதில்லை, விவரம் சரி என்று கையெழுத்துப் போடுவது உரிமையாளர். சாலை இருப்பது பிறகு தெரிந்தால் பொறுப்பும் அவர் தலையில்தான்.

## 10. ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது

பதில் வர ஒரு மாதம் ஆகும் என்பதால் விற்பவர் காத்திருக்க மாட்டார். அப்போது சிறு முன்பணத்தோடு ஒப்பந்தம் போடலாம், காலம் குறைந்தது இரண்டு மாதம் வைத்து. உத்தேசச் சாலையோ சாலை விரிவாக்கமோ வேறு பொது ஒதுக்கீடோ நகரமைப்பு ஆவணங்களில் தெரியவந்தால் முன்பணம் முழுவதும் இத்தனை நாளில் திரும்பத் தரப்படும் என்று தெளிவாக எழுதுங்கள். "வில்லங்கம் ஏதும் இல்லை" என்ற வழக்கமான வரி இதற்கு உதவாது. திட்டச்சாலை வில்லங்கமா என்று வாதாடுவதிலேயே வருடங்கள் போய்விடும்.

பாதிப்பு இருப்பது தெரிந்தும் வாங்கலாமா? வாங்கலாம், விலையைச் சாலைக்குப் போக மிஞ்சும் நிலத்துக்கு மட்டும் பேசினால். அகலமான சாலைக்கு முகப்பு கிடைப்பது கடை கட்ட நினைப்பவருக்கு லாபம். மனை சிறியது, சாலை குறுக்கே போகிறது என்றால் விட்டுவிடுவது நல்லது.

## 11. ஏற்கெனவே வாங்கியவர்கள் செய்யக்கூடியது

வரைவு நிலையில் இருந்தால் ஆட்சேபணை கொடுங்கள். முழுமைத் திட்டத்தின் வரைவுக்கு இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். "என் நிலம் போகிறது" என்று மட்டும் எழுதினால் எடைபோட ஒன்றும் இருக்காது. பக்கத்தில் புறம்போக்கு இருக்கிறது, கோட்டை இவ்வளவு நகர்த்தினால் வீடுகள் தப்பும் என்று புலப்படத்தில் வரைந்து கொடுத்தால் பேச விஷயம் இருக்கும். ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்க வேண்டாம்.

திட்டம் பழையது, சாலையும் வரவில்லை, நிலத்தையும் எடுக்கவில்லை என்றால் பிரிவு 38-ஐப் பாருங்கள். திட்ட அறிவிப்பு வந்து மூன்று ஆண்டுக்குள் நிலமெடுப்புக்கான அறிவிக்கை வெளியாகவில்லை, பேசியும் வாங்கவில்லை என்றால் அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகக் கருதப்படும் என்கிறது அது. விடுபட்டது என்று யாரும் தேடிவந்து சான்று தர மாட்டார்கள். அறிவிப்பு நாளை ஆவணத்தோடு காட்டி மனு கொடுக்க வேண்டும், மறுத்தால் உயர் நீதிமன்றம். லேஅவுட் அனுமதியின்போது தானமாக எழுதிக்கொடுத்த சாலைக்கு இந்தப் பிரிவைக் காட்டிப் பயனில்லை, அது ஏற்கெனவே உள்ளாட்சியின் சொத்து.

கட்டட அனுமதிக்காகச் சாலைப் பகுதியை விட்டுக்கொடுக்கச் சொன்னால், இலவசமாக விடும் நிலத்துக்கு ஈடாக வளர்ச்சி உரிமை மாற்று, அதாவது டிடிஆர் (கூடுதலாகக் கட்டிக்கொள்ளவோ பிறருக்கு விற்கவோ தரும் கட்டட உரிமை) கிடைக்குமா என்று தானப்பத்திரம் எழுதுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். எழுதிக் கொடுத்த பிறகு கேட்க உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

தானப்பத்திரம் பதிவானதும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். உட்பிரிவு செய்து, சாலைப் பகுதியின் பட்டாவை உள்ளாட்சி பெயருக்கு மாற்ற மனு கொடுங்கள். இதைச் செய்யாத இடங்களில் பட்டா பழைய அளவிலேயே நிற்கும். அடுத்து வாங்குபவர் அந்த அளவை நம்பிப் பத்திரம் போடுவார், வங்கியும் அதே அளவுக்குக் கடன் தரும், அளந்து பார்க்கும் நாளில் 600 சதுர அடி குறையும்.